உள்ளே போகும் அறுபது வாட்

ரிக்கின் சிக்னலைப் பெருக்கும் லீனியரைப் பற்றி ஹாம்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு வெளியே வருவதைப் பற்றித்தான் இருக்கும். எத்தனை வாட் வந்தது, பிளேட் சிவந்ததா, ஆன்டெனா தாங்கியதா. உள்ளே போகும் வழியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. படம் போட்டுக் காட்டச் சொன்னால் இடது ஓரத்தில் ஒரு கன்டென்சரை வரைந்து, பக்கத்தில் 'டிரைவ்' என்று எழுதிவிட்டு வலப்பக்கம் போய்விடுவார்கள். டிரான்ஸ்மிட்டர் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நண்பர்களின் பழைய லீனியர்கள் இப்போது என் மேஜைக்கு வருகின்றன. மூடியைக் கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது அந்த இடது ஓரத்தைத்தான். அந்தப் பெட்டி எந்தக் காலத்தில் பிறந்தது, எந்த ரிக்கோடு சேர்ந்து வாழ வந்தது என்பதை வால்வைவிட அதுதான் சரியாகச் சொல்லும்.

லீனியரின் வரலாற்றை வால்வுகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். வெளியீட்டுப் பக்கத்துக்கு அது பொருந்தும். நுழைவுப் பக்கத்துக்குப் பொருந்தாது. அங்கே என்ன சுற்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது பெரும்பாலும் முன்னால் நின்ற எக்ஸைட்டர், அதாவது டிரைவ் கொடுக்கும் ரிக். டிரைவ் பஞ்சமாக இருந்தபோது ஒரு விதம், மலிந்தபோது வேறு விதம், டிரைவ் கொடுக்கும் ரிக் தொட்டாற்சிணுங்கியாக மாறியபோது இன்னொரு விதம்.

1930-களில் டிரைவ் என்பது சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டிய சொத்து. ஒரு கிரிஸ்டல் ஆஸிலேட்டர், அதன் பின்னால் ஒரு பஃபர், மேல் பேண்டுக்குப் போக ஒரு டப்ளர், கடைசியில்தான் பெரிய வால்வு. ஆர்.சி.ஏ. 1936-ல் கொண்டுவந்த 6எல்6 ஆடியோ வால்வை ஹாம்கள் உடனே ஆஸிலேட்டராக்கிக்கொண்டார்கள். அதே வால்வின் பிளேட்டை உச்சியில் தொப்பி முனையாக எடுத்து வந்ததுதான் 807. கடைசியில் நிற்கும் டிரையோடு கிளாஸ் சி-யில் ஓடும். அதன் கிரிட்டுக்குள் நிஜமாகவே கரண்ட் பாய வேண்டும், அதற்கு நிஜமான வாட் வேண்டும். முன்னால் இருப்பவை தருவதோ சொற்பம். ஆகவே ஒரு வாட்கூட வழியில் சிந்தக் கூடாது என்பதே அந்தக் காலத்து நுழைவுச் சுற்றின் ஒரே சட்டம்.

அதற்கான வழி கிரிட்டில் ஒரு டியூன்ட் சர்க்யூட். பஃபரின் காயிலில் இரண்டு சுற்றுக் கம்பி, அங்கிருந்து முறுக்கிய ஜோடிக் கம்பி, கிரிட் காயிலில் மீண்டும் இரண்டு சுற்று. இதற்கு லிங்க் கப்ளிங் என்று பெயர். சுற்றை உள்ளே தள்ளினால் டிரைவ் கூடும், வெளியே இழுத்தால் குறையும். பேண்ட் மாற வேண்டுமென்றால் வால்வு போலவே ஊசிக்கால் வைத்த காயிலைப் பிடுங்கி வேறொன்றைச் செருக வேண்டும். ஒவ்வொரு ஹாமின் மேஜையிலும் ஒரு காயில் பெட்டி இருந்தது இதனால்தான்.

கூடவே ஒரு தொல்லையும் இருந்தது. டிரையோடின் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள கொள்ளளவு வழியாக வெளியீடு திரும்ப உள்ளே கசியும். பெருக்கி தானே ஆஸிலேட்டராகிக் கத்தும். எதிர்க் கட்டத்தில் சம அளவு சிக்னலை ஊட்டி அந்தக் கசிவை அடிக்கும் நியூட்ரலைசிங் உத்தியை, ஹேசல்டைன் 1920-களின் தொடக்கத்தில் ரிசீவர்களில் பிரபலமாக்கியிருந்தார். டிரான்ஸ்மிட்டர்களும் அதைப் பிடித்துக்கொண்டன. பேண்ட் மாற்றினால் நியூட்ரலைசிங்கையும் ஒரு கை சரிபார்க்க வேண்டும்.

இந்த உலகத்துக்கு வால்வு செய்துகொடுத்தவர்களே ஹாம்கள்தான். பில் ஐட்டல், ஜாக் மெக்கல்லோ இருவரும் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஹைன்ட்ஸ் அண்ட் காஃப்மன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1934-ல் அங்கிருந்து விலகி, சான் புரூனோவில் தங்கள் பெயர்களின் முன்பாதிகளைச் சேர்த்து ஐமாக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் வால்வு 150டி. அந்தப் பெயர் இந்தக் கதையில் திரும்ப வரும்.

போர் முடிந்ததும் நிலவரம் மாறியது. ராணுவம் கழித்த சாமான் சந்தையில் கொட்டியது. 807, அதன் 12 வோல்ட் தம்பி 1625, 813 எல்லாம் காசுக்கு இரண்டு என்கிற அளவுக்குக் கிடைத்தன. அந்த அலை நம் ஊர் வரைக்கும் வந்தது. 1985-ல் எரிந்துபோகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோ சாமான் விற்ற கடைகளில் 807-ஐப் புரட்டிப் பார்த்து வாங்கிய தலைமுறை நாங்கள். இறக்குமதி ரிக் எட்டாக்கனியாக இருந்த நாட்டில், 807 ஒன்றே பலருக்கு முழு டிரான்ஸ்மிட்டர். உயர்நிலை உரிமம் வைத்திருந்தவருக்கும் உச்ச வரம்பு 400 வாட்தான். ஒற்றை 813 அதற்குப் போதும்.

807-ம் 813-ம் டிரையோடு அல்ல, பீம் பவர் வால்வுகள். ஸ்கிரீன் கிரிட் நடுவில் நிற்பதால் கசிவு குறைவு, டிரைவும் சில வாட் போதும். நுழைவுப் பக்கம் பழைய டியூன்ட் சர்க்யூட்டே தொடர்ந்தாலும் அதன் மேல் ஒரு ரெசிஸ்டர் வந்து உட்கார்ந்தது. சிந்தக் கூடாது என்று காத்த வாட்டை இப்போது வேண்டுமென்றே கொஞ்சம் சூடாக்கி விட்டார்கள். பெருக்கி அடங்கி நடக்கும் என்பதற்காக. ஓட்டுகிற பக்கம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்ததற்கு அதுதான் முதல் அடையாளம்.

உண்மையான திருப்பம் எஸ்.எஸ்.பி.யோடு வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஹாம் நிலையமான டபிள்யூ6ஒய்எக்ஸ், ஆஸ்வால்ட் வில்லார்டின் முயற்சியில் 1947-ல் ஒற்றைப் பக்கப் பட்டையில் பேசியது. கேரியரை நீக்கி, ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் இந்த முறையில் கிளாஸ் சி உதவாது. குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே பெருக வேண்டும். லீனியர் என்ற பெயர் ஹாம்களின் நாவில் ஏறியது இங்கேதான். 1950-களின் தொடக்கத்தில் கிடைத்த சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 10ஏ போன்ற எக்ஸைட்டர்கள் பெயருக்கேற்றபடி பத்து வாட் தந்தன. பத்து வாட்டுக்கு, ஸ்கிரீன் கிரிட் உள்ள, கிரிட்டில் ஊட்டும் டெட்ரோடு சரியான ஜோடி. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காலின்ஸ் கே.டபிள்யூ.எம்.-2, எஸ்-லைன் வகைகள் 100 வாட் தர ஆரம்பித்தன. கடைசியில் இரண்டு 6146, அதன் பின் ஒரு பை நெட்வொர்க். அதுவே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

இப்போது பிரச்சினை தலைகீழ். ஐந்து வாட் போதும் என்கிற வால்வுக்கு முன்னால் நூறு வாட் வந்து நிற்கிறது. மிச்சத்தை என்ன செய்வது? இரண்டு பதில்கள் வந்தன.

முதல் பதில், எரித்துவிடு. டெட்ரோடின் கிரிட்டுக்கும் தரைக்கும் நடுவே தாங்கும் திறனுள்ள 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடு. நூறு வாட் அதில் பாய்ந்தால் உச்சத்தில் 100 வோல்ட் நிற்கும். பல டெட்ரோடுகளுக்கு அது தாராளம். எந்த பேண்டிலும் ரிக் பார்ப்பது 50 ஓம், காயிலே வேண்டாம். ஆனால் கிரிட்டுக்கு பயஸ் வேண்டும், ஸ்கிரீனுக்கு ஒழுங்காக நிலைநிறுத்திய தனி சப்ளை வேண்டும்.

இரண்டாவது பதில், வால்வைத் திருப்பி வை. கிரிட்டைத் தரையோடு கட்டிவிட்டு கேத்தோடில் ஊட்டு; இதற்குத்தான் கிரவுண்டட் கிரிட் என்று பெயர். கிரிட்டே நடுவில் தடுப்புச் சுவராக நிற்பதால் நியூட்ரலைசிங் பெரும்பாலும் தேவைப்படாது. ஊட்டிய டிரைவில் பெரும் பங்கு வெளியீட்டோடு சேர்ந்து ஆன்டெனாவுக்கே போய்விடும், வீணாகாது. 811ஏ, பின்னால் 572பி, ஐமாக்கின் 3-400இசட், 3-500இசட் மாதிரியான டிரையோடுகளுக்கு பயஸும் பெரிதாக வேண்டாம், ஸ்கிரீன் சப்ளையும் கிடையாது. பத்து மடங்கு பெருக்கினால் போதும் என்கிறவனுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இந்த வழி வென்றது.

மலிவு என்று ஆரம்பித்த பிறகு ஆசை நிற்காதே. கேத்தோடின் இம்பீடன்ஸ் எப்படியும் 50 ஓம் பக்கம்தானே இருக்கிறது, நேரே கோஆக்ஸை ஒரு கன்டென்சர் வழியாக ஃபிலமென்டில் கட்டிவிடலாமே என்று பலர் முடிவு கட்டினார்கள். ஃபிலமென்டுக்கு முன்னால் ஃபெரைட் கம்பியில் இரட்டைக் கம்பி சுற்றிய சோக் ஒன்று, ஊட்ட ஒரு கன்டென்சர், அவ்வளவுதான் நுழைவுச் சுற்று. அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ வீட்டு லீனியர்கள் இப்படித்தான் ஓடின. ஓடியதற்குக் காரணம் முன்னால் இருந்த 6146-களின் பை நெட்வொர்க். எந்தக் கோணலான லோடையும் குமிழைத் திருப்பி அது சமாளித்துக்கொண்டது.

ஆனால் ஓடியது வேறு, சரியாக ஓடியது வேறு. கிளாஸ் பி-யில் கேத்தோடு ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம்தான் கரண்ட் இழுக்கும். அந்தப் பாதியில் ரிக்கைப் பொறுத்தவரை அது கனத்த லோடு. மறு பாதியில் ஏறக்குறைய திறந்த கம்பி. தையல் மெஷினின் மிதியை நாம் அழுத்துவது பாதிச் சுற்றுக்குத்தான்; மீதிப் பாதியை ஓட்டுவது சக்கரம். சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தைத்தால் என்ன ஆகும்? கேத்தோடில் டியூன்ட் சர்க்யூட் இல்லாத லீனியரில் அதுதான் நடந்தது. சக்கரத்தின் வேலையைப் பல அடி தள்ளி, கோஆக்ஸின் மறுமுனையில் இருந்த ரிக்கின் காயில் செய்ய வேண்டியிருந்தது. அதனால் கேபிளின் நீளம்கூட வேலையில் தலையிட்டது. நாற்பது மீட்டரில் ஒழுங்காக ஓடும் பெட்டி இருபதில் முரண்டு பிடிக்கும். நடுவில் ஒரு முழம் ஆர்.ஜி.-58 கேபிளைச் சேர்த்தால் சரியாகும், பிறகு பதினைந்தில் கெடும். பேச்சும் அகலமாகும். காலை நெட்டில் யாராவது "ஓ.எம்., உங்க சிக்னல் மேலே மூணு கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பரந்து கிடக்கு, கொஞ்சம் பாருங்க" என்பார். மைக் கெயினைக் குறைப்பார்கள். கோளாறு மைக்கில் இல்லை.

இதை அளந்து எழுதிக் காட்டியவர்கள் ஐமாக் ஆட்கள். அங்கே வேலை பார்த்துக்கொண்டே ஹாம்களுக்காகக் கைநூல்களும் கட்டுரைகளும் எழுதிக் குவித்த பில் ஆர், டபிள்யூ6எஸ்ஏஐ, 1960-களின் தொடக்கத்தில் தன் சகாக்களோடு சேர்ந்து கிரவுண்டட் கிரிட் லீனியருக்குக் கேத்தோடில் டியூன்ட் சர்க்யூட் வேண்டும் என்று வலியுறுத்தினார். அது இருந்தால் கலப்பு விகாரம் குறையும், அதே வெளியீட்டுக்குத் தேவையான டிரைவும் குறையும், ரிக்குக்கும் நிம்மதி. க்யூ, அதாவது அந்தச் சக்கரத்தின் கனம், பெரிதாக இருக்கத் தேவையில்லை. இரண்டில் தொடங்கி ஐந்துக்குள் இருந்தால் போதும்.

அந்த எண்களுக்குள் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. இரண்டு 3-500இசட்-களை இணையாகக் கட்டினால் கேத்தோடு பக்கம் ஏறக்குறைய 60 ஓம். க்யூ இரண்டு என்றால் கன்டென்சரின் ரியாக்டன்ஸ் 30 ஓம், 3.7 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1,430 பிகோஃபாரட், 14.2-ல் சுமார் 375. மீட்டருக்கு 18 பிகோஃபாரட் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 60 வாட் உள்ளே போனால் 60 ஓமில் ஓடுவது ஒரு ஆம்பியர். கன்டென்சரில் ஓடுவது இரண்டு. க்யூவை ஐந்தாக்கினால் சக்கரம் கனமாகும், சிக்னல் இன்னும் சுத்தமாகும். ஆனால் கன்டென்சரில் ஐந்து ஆம்பியர் ஓடும். பேண்டின் ஒரு முனையில் சரிசெய்தால் மறு முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். நுழைவுச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது என்பது கடைசியில் இந்தப் பேரத்தை எங்கே முடிப்பது என்பதுதான்.

ஹீத்கிட் 1964-ல் கொண்டுவந்த எஸ்.பி.-200, அந்தப் பத்தாண்டு முடியும்போது வந்த எஸ்.பி.-220 இரண்டும் இந்தப் பேரத்தைத் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்தன. பேண்டுக்கு ஒரு பை நெட்வொர்க்: ஒரு சிறு காயில், அதன் இரு முனையிலும் தரைக்கு ஒரு கன்டென்சர். பேண்ட் சுவிட்ச் வெளியீட்டுக் காயிலோடு சேர்த்து இதையும் மாற்றிவிடும். உபயோகிப்பவர் இந்தக் காயில்களைத் தொடவே வேண்டாம். பலர் தொட்டதும் இல்லை. இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள்.

என் மேஜைக்கு வரும் எஸ்.பி.-220-களில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இந்த இடத்தில்தான். யாரோ ஒருவர் வெடித்த மைக்கா கன்டென்சருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த செராமிக் டிஸ்க்கைப் போட்டிருப்பார். குளிர்ந்திருக்கும்போது அளந்தால் மதிப்பு சரியாக இருக்கும். இரண்டு நிமிடம் பேசியதும் அது சூடேறி மதிப்பு நகரும், ரிக் பின்வாங்கும், பழி வால்வின் மேல் விழும். சரிபார்க்க வால்வை எரிய விட வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கி, மூவாயிரம் வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும் ஃபில்டர் கன்டென்சர்களை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்து உறுதிப்படுத்திக்கொண்டு, வால்வுகளை சாக்கெட்டிலேயே விட்டுவிட வேண்டும். அவற்றின் கொள்ளளவும் கணக்கில் சேர்த்தி. ஆன்டெனா ரிலேயைக் கையால் அழுத்திப் பிடித்தோ ஒரு துண்டு கம்பி வைத்தோ நுழைவு வழியைத் திறந்து, 120 ஓம் கார்பன் ரெசிஸ்டர் இரண்டை இணையாகக் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே குட்டையான கால்களோடு பற்றவைத்து, பின்னால் நுழைவு சாக்கெட்டில் அனலைசரை மாட்டினால் ஒவ்வொரு பேண்டும் தன் குறையைத் தானே சொல்லிவிடும். காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகை பிளாஸ்டிக் திருப்புளியால் கால் சுற்றுத் திருப்பினால் முள் இறங்கும். முடிந்ததும் ரெசிஸ்டர்களைக் கழற்ற மறக்கக் கூடாது. பிறகு முழு டிரைவில் ஒரு முறை எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்க வேண்டும், ஏனென்றால் கேத்தோடின் இம்பீடன்ஸ் ஓட்டும் அளவைப் பொறுத்து மாறும். 60 ஓம் என்பது உச்சத்தில் மட்டும் மெய்.

1970-களில் இந்தச் சிறு காயில்கள் சட்டத்தின் கண்ணிலும் பட்டன. அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசும் சி.பி. வானொலியின் மோகம் உச்சத்தில் இருந்தது. நான்கு வாட்டோடு பேச வேண்டியவர்கள் ஹாம் லீனியர்களை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1978-ல் எஃப்.சி.சி. ஆணையம், 24 முதல் 35 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கக்கூடிய லீனியர்களை விற்பதைத் தடுத்தது. பத்து மீட்டர் பேண்ட் பெட்டிகளிலிருந்து மறைந்தது. எஸ்.பி.-220 பத்து மீட்டரை இழந்து எஸ்.பி.-221 ஆனது. அதே விதிகள், குறைந்தது 50 வாட் டிரைவ் இல்லாமல் லீனியர் முழு சக்திக்கு வரக் கூடாது என்றும் சொல்லின. சின்ன சி.பி. பெட்டி முன்னால் நின்று ஓட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு. நுழைவுப் பக்கத்தை முடிவு செய்வது எக்ஸைட்டர் என்பதை அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடமாக இதை நான் படிக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1979-ல், உலக வானொலி மாநாடு ஹாம்களுக்கு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மூன்று புதிய துண்டுகளைக் கொடுத்தது. ஐந்து காயிலோடு பிறந்த லீனியர்களுக்கு இது எதிர்பாராத விருந்தாளி. குறைந்த க்யூவின் அருமை அப்போது தெரிந்தது. பதினேழு மீட்டரைப் பதினைந்தின் காயிலிலேயே ஓட்டிவிடலாம், எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறினாலும் வண்டி ஓடும். ஐந்து என்று க்யூவை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ரிக்கும் குணம் மாறியது. 1970-களின் பிற்பாதியில் முழு டிரான்சிஸ்டர் டிரான்ஸ்சீவர்கள் வந்தன. பின்பக்கம் திருப்ப ஒரு குமிழும் இல்லை. 50 ஓம் இருந்தால் நூறு வாட், இல்லாவிட்டால் இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டைத் தொடும்போதே தன்னைக் காத்துக்கொள்ளப் பின்வாங்கும். 6146-கள் வாயை மூடிக்கொண்டு சமாளித்த கோணலை இவை ஏற்கவில்லை. பில் ஆர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிக்னல் சுத்தத்துக்காகக் கேட்டதை, இப்போது ரிக் தன் உயிருக்காகக் கேட்டது. கேத்தோடில் நேரே கோஆக்ஸ் கட்டிய பழைய வீட்டு லீனியர்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்து நுழைவுக் காயில் மாட்டிக்கொண்டன. சிலர் ஃபெரைட் வளையத்தில் அகன்ற பட்டை டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் போட்டார்கள். ஓம் கணக்கு சரியாகிவிடும், எஸ்.டபிள்யூ.ஆர். முள்ளும் திருப்தியாகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் சேமிக்கும் சக்கரம் இல்லை. முள்ளைத் திருப்திப்படுத்துவதும் கேத்தோடைத் திருப்திப்படுத்துவதும் இரண்டு வேலைகள்.

1991-க்குப் பிறகு சோவியத் வால்வுகள் சந்தைக்கு வந்தபோது பழைய முதல் பதில் திரும்பி வந்தது. ஜி.யூ.-74பி, ஜி.யூ.-43பி போன்ற டெட்ரோடுகளுக்கு முன்னால் 50 ஓம் ரெசிஸ்டர், பேண்ட் எதுவானாலும் ரிக்குக்கு நிம்மதி. காயில் சுற்றத் தெரியாததால் வந்த சோம்பேறித்தனம் என்று இதைக் கேலி செய்வாரும் உண்டு. நான் செய்ய மாட்டேன். நூறு வாட் ரிக் எல்லோரிடமும் இருக்கும் காலத்தில் தொண்ணூறை எரிப்பது நியாயமான கணக்கு. 1935-ல் அதைச் செய்திருந்தால் கிறுக்குத்தனம்.

இன்று லீனியர் கட்டப்போகிறேன் என்று வருபவர் கையில் ஒரு வால்வோடு வருகிறார்; கடையில் மலிவாகக் கிடைத்தது என்பார். நுழைவுக்கு என்ன போடட்டும் என்று கேட்பார். என்ன ரிக் வைத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பத்து வாட் எஸ்.டி.ஆர். என்றால் கிரிட்டில் டியூன்ட் சர்க்யூட் வைத்த டெட்ரோடு. தாத்தா காலத்து வழிதான், அதில் வெட்கம் இல்லை. நூறு வாட் டிரான்சிஸ்டர் ரிக், கையில் டிரையோடு என்றால் பேண்டுக்கு ஒரு பை நெட்வொர்க், க்யூ இரண்டுக்கு மேல், மைக்கா கன்டென்சர், சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே. அதே நூறு வாட், கையில் டெட்ரோடு என்றால் ரெசிஸ்டர், நல்ல ஃபேன் ஒன்று. வால்வின் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரை, வீட்டுக்குப் போய் ரிக்கின் கைநூலில் வெளியீட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு வரச் சொல்கிறேன்.